மின்சுற்றுக் கணக்கில் விடை பிசகினால்: அறிகுறி வழியே பிழை தேடும் முறை

மின்னோட்டவியல் கணக்கில் விடை தவறிவிட்டால், எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதையே பெரும்பாலான மாணவர்கள் செய்கிறார்கள். அப்படித் தொடங்குபவர் பெரும்பாலும் அதே இடத்தில் அதே பிழையை மறுபடியும் செய்கிறார். ஏனெனில் பிழை எது என்று அவர் பார்க்கவே இல்லை. மின்சுற்றுக் கணக்கில் தவறான விடை, தான் எங்கே தவறியது என்பதற்கான அடையாளத்தைப் பெரும்பாலும் தன்னுடனேயே கொண்டுவருகிறது. விடை ஆயிரம் மடங்கு பெரிதாக வந்தால் ஒரு காரணம், எதிர்க்குறியுடன் வந்தால் வேறொரு காரணம், சமன்பாடுகள் சுழிக்குச் சுழி என்று முடிந்தால் இன்னொரு காரணம். ஆகவே அழிப்பதற்கு முன் விடையை நன்றாகப் பாருங்கள்.

நம் கையில் உள்ள கருவிகள் மூன்றே. கடத்தியின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு, வெப்பநிலை மாறாதிருக்கும்போது, அதன் வழியே பாயும் மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஜார்ஜ் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்ட விதி. ஒரு சந்திக்குள் (கம்பிகள் கூடும் புள்ளிக்குள்) வரும் மின்னோட்டங்களின் கூடுதல் அதிலிருந்து வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலுக்குச் சமம் என்பதும், ஒரு மூடிய சுற்றை முழுமையாகச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூடுதல் சுழி என்பதும் குஸ்டாவ் கிர்க்காஃப் 1845 இல், கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது வகுத்த விதிகள். கிர்க்காஃபின் விதிகளில் முதலாவது மின்னூட்டம் அழிவதில்லை என்பதன் மறுவடிவம். இரண்டாவது ஆற்றல் அழிவதில்லை என்பதன் மறுவடிவம். இந்த மூன்றில் ஒன்றையாவது மீறாமல் எந்த விடையும் தவறாக முடியாது. எதை மீறியது என்று கண்டுபிடிப்பதே இங்கே நம் வேலை.

விளக்கத்திற்கு ஒரு மாதிரிச் சுற்றை வைத்துக்கொள்வோம். பின்வரும் பல அறிகுறிகளுக்கு இதனிடமே திரும்பி வருவோம். 12 வோல்ட் மின்னியக்கு விசையும் (மின்னோட்டம் பாயாதபோது முனைகளில் இருக்கும் மின்னழுத்தம்) 1 ஓம் அகமின்தடையும் (மின்கலத்துக்குள்ளேயே உள்ள மின்தடை) கொண்ட ஒரு மின்கல அடுக்கு. 6 வோல்ட் மின்னியக்கு விசையும் 1 ஓம் அகமின்தடையும் கொண்ட இன்னொன்று. இரண்டின் நேர்முனைகளும் 'அ' என்ற சந்தியிலும், எதிர்முனைகள் 'ஆ' என்ற சந்தியிலும் சேர்கின்றன. 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே 4 ஓம் மின்தடை ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. முதல் அடுக்கிலிருந்து 'அ' நோக்கிப் பாயும் மின்னோட்டத்தைக் 'க' என்றும், இரண்டாம் அடுக்கிலிருந்து 'அ' நோக்கிப் பாய்வதைச் 'ச' என்றும், 4 ஓம் வழியே 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் பாய்வதைத் 'த' என்றும் குறிப்போம். சரியான விடை: க = 4, ச = −2, த = 2, எல்லாம் ஆம்பியரில்.

அறிகுறி: விடை ஆயிரம் மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது

இது அலகுப் பிழை. சரிசெய்வதற்கு மிக எளியது. 12 வோல்ட் மூலத்துடன் 4.7 கிலோ ஓம் மின்தடையை இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு என்ற வினாவுக்கு, 12 ஐ 4.7 ஆல் வகுத்து 2.55 ஆம்பியர் என்று எழுதிவிடுகிறார்கள். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் கிடைப்பது மில்லி ஆம்பியர். எனவே விடை 2.55 மில்லி ஆம்பியர். இந்த உறவை ஒரு முறை மனத்தில் பதித்துக்கொண்டால், கிலோ ஓம் வரும் கணக்குகளில் பத்தின் அடுக்குகளை எழுதாமலே போய்விடலாம். ஆனால் ஒரே சமன்பாட்டுக்குள் ஒரு மின்தடையை ஓமிலும் இன்னொன்றைக் கிலோ ஓமிலும் எழுதக்கூடாது.

பிழையைக் கண்டுகொள்ளத் திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2.55 ஆம்பியர் என்றால் அந்த மின்தடையில் வெளிப்படும் திறன் ஏறத்தாழ 30 வாட். ஆய்வகத்தில் நாம் கையாளும் சிறு கார்பன் மின்தடைகள் கால் வாட் அளவுக்கானவை. 30 வாட்டில் அது நொடியில் கருகிவிடும். உண்மையான திறன் சுமார் 30 மில்லி வாட் மட்டுமே.

அறிகுறி: பக்க இணைப்பின் தொகுபயன் மின்தடை நம்ப முடியாததாக இருக்கிறது

பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை (இணைந்த மின்தடைகள் அனைத்துக்கும் ஈடான ஒற்றை மின்தடை), இணைந்தவற்றுள் மிகச் சிறிய மின்தடையைவிடவும் சிறிதாக இருக்கும் என்று எல்லா மாணவர்களுக்கும் தெரியும். 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருக்கும்போது 9 ஓம் என்று எழுதியவரை இந்தச் சோதனை உடனே பிடித்துவிடும். ஆனால் 0.5 ஓம் என்று எழுதியவரை இது பிடிக்காது; ஏனெனில் 0.5 என்பது 3 ஐவிடச் சிறியதுதான். இங்கே நடந்தது என்னவென்றால், 1/6 உடன் 1/3 ஐக் கூட்டி 1/2 என்று சரியாகவே கண்டவர், அதன் தலைகீழ் மதிப்பை எடுக்க மறந்துவிட்டார். விடை 2 ஓம்.

ஆகவே மேல் எல்லையோடு கீழ் எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொகுபயன் மின்தடை, மிகச் சிறிய மின்தடையைக் கிளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் மதிப்பைவிடக் குறையாது. எல்லாக் கிளைகளும் சமமாக இருக்கும்போது மட்டுமே அந்த மதிப்பை எட்டும். நம் எடுத்துக்காட்டில் 3 ஐ 2 ஆல் வகுத்தால் 1.5, ஆகவே விடை 1.5 க்கும் 3 க்கும் இடையில் இருந்தாக வேண்டும். இந்த இரட்டை எல்லையை மனத்தாலேயே கணக்கிட்டுவிடலாம் என்பதால், தேர்வு அறையில் இதைவிட மலிவான காவல் வேறில்லை என்பது என் கருத்து.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை, பெருக்கற்பலனைக் கூடுதலால் வகுக்கும் வாய்ப்பாட்டை மூன்று மின்தடைகளுக்கு நீட்டுவது. 2, 3, 6 ஓம் மூன்றும் பக்க இணைப்பில் இருக்கும்போது, 36 ஐ 11 ஆல் வகுத்து 3.27 என்று எழுதுகிறார்கள். மேல் எல்லையான 2 ஐ இது தாண்டிவிட்டது. அந்த வாய்ப்பாடு இரண்டு மின்தடைகளுக்கு மட்டுமே உரியது. தலைகீழ் மதிப்புகளைக் கூட்டினால் 1/2 + 1/3 + 1/6 = 1; விடை 1 ஓம்.

அறிகுறி: தொடரிணைப்பா, பக்க இணைப்பா என்பதே புலப்படவில்லை

இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டும்; ஏனெனில் மற்றப் பிழைகள் கணக்கைச் செய்யும்போது நேர்பவை, இது கணக்கைத் தொடங்கும் முன்பே நேர்வது. படத்தில் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரையப்பட்டவை தொடரிணைப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டவை பக்க இணைப்பு என்று கண்ணால் முடிவு செய்வதுதான் இதன் வேர். படத்தின் வடிவத்துக்கும் மின்சுற்றின் இணைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரே சுற்றை நூறு வடிவங்களில் வரையலாம்.

இதற்கான மருந்து எழுத்திடும் முறை. மூலத்தின் ஒரு முனையில் தொடங்கி, மின்தடையோ மின்கலமோ குறுக்கிடாத வரையில், கம்பி செல்லும் இடமெல்லாம் ஒரே எழுத்தை எழுதிக்கொண்டே செல்லுங்கள். ஒரு மின்தடையைக் கடந்ததும் அடுத்த எழுத்தைத் தொடங்குங்கள். மின்தடையற்ற கம்பியால் இணைந்த எல்லாப் புள்ளிகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பதால், அவை எவ்வளவு தொலைவில் வரையப்பட்டிருந்தாலும் மின்சுற்றைப் பொறுத்தவரை ஒரே புள்ளிதான். எழுத்திட்ட பிறகு, இரு முனைகளிலும் ஒரே இணை எழுத்துகளைக் கொண்ட மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. இரண்டு மின்தடைகளுக்கிடையே உள்ள எழுத்து வேறெங்கும் கிளைக்காமல் இருந்தால் மட்டுமே அவை தொடரிணைப்பில் உள்ளன.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று 6 ஓம் மின்தடைகள் ஒரே கோட்டில் வரையப்பட்டுள்ளன. கோட்டின் புள்ளிகள் முறையே அ, ஆ, இ, ஈ. அ, ஈ என்ற இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட் மூலம். இத்துடன், அ புள்ளியிலிருந்து இ புள்ளிக்கு ஒரு கம்பியும், ஆ புள்ளியிலிருந்து ஈ புள்ளிக்கு இன்னொரு கம்பியும் போடப்பட்டுள்ளன. கண்ணை நம்பியவர் மூன்றும் தொடரில் என்று கொண்டு 18 ஓம், 0.67 ஆம்பியர் என்கிறார். எழுத்திடும் முறையில், அ புள்ளியுடன் கம்பியால் இணைந்த இ புள்ளியின் பெயரும் 'அ' ஆகிறது. ஆ புள்ளியுடன் இணைந்த ஈ புள்ளியின் பெயரும் 'ஆ' ஆகிறது. இப்போது முதல் மின்தடை அ–ஆ, இரண்டாவது ஆ–அ, மூன்றாவது அ–ஆ. மூன்றும் பக்க இணைப்பு. தொகுபயன் 2 ஓம், மூலத்தின் மின்னோட்டம் 6 ஆம்பியர். ஒன்பது மடங்கு வேறுபாடு!

இந்த முறையில் ஒரு மின்தடையின் இரு முனைகளுக்கும் ஒரே எழுத்து வந்துவிட்டால் திகைக்க வேண்டாம். அந்த மின்தடை குறுக்குச் சுற்றாக்கப்பட்டுள்ளது. அதன் முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை, அதில் மின்னோட்டமும் இல்லை. அதைப் படத்திலிருந்து நீக்கிவிடலாம்.

சில சுற்றுகளில் எழுத்திட்ட பின்னும் தொடரும் கிடைக்காது, பக்கமும் கிடைக்காது. அப்போது பிழை உங்களுடையது அல்ல, சுற்று அப்படிப்பட்டது. மூலத்தின் முனைகளுக்கிடையே இரு கிளைகளும், அக்கிளைகளின் நடுச் சந்திகளை இணைக்கும் ஒரு மின்தடையும் கொண்ட வீட்ஸ்டன் சமனச்சுற்று, சமன்செய்யப்படாதபோது, இதற்குப் பழக்கமான எடுத்துக்காட்டு. (சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833 இலேயே இதை விவரித்துவிட்டார், 1843 இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவலாக அறிமுகம் செய்ததால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.) முதலில் சமநிலையைச் சோதியுங்கள். மேல் கிளையில் 2, 4 ஓமும் கீழ்க் கிளையில் 3, 6 ஓமும் இருந்தால் விகிதங்கள் சமம். நடு மின்தடையில் மின்னோட்டம் இல்லை. அதை எடுத்துவிட்டு, 6 ஓமும் 9 ஓமும் பக்க இணைப்பில் உள்ளதாகக் கொண்டு 3.6 ஓம் என்று முடித்துவிடலாம்.

சமநிலை இல்லாதபோது தொகுபயன் வாய்ப்பாடுகளோடு போராடுவது வீண். சந்திகளின் மின்னழுத்தங்களையே தெரியாத மதிப்புகளாகக் கொள்ளுங்கள். 12 வோல்ட் மூலம். மேல் கிளையில் 2 ஓம், பிறகு 8 ஓம். கீழ்க் கிளையில் 6 ஓம், பிறகு 3 ஓம். நடுவில் 2 ஓம். மூலத்தின் எதிர்முனையைச் சுழி வோல்ட் என்று வைத்து, மேல் சந்தியை 'ப', கீழ்ச் சந்தியை 'ம' என்று கொண்டால், மேல் சந்தியில்

(12 − ப)/2 = ப/8 + (ப − ம)/2

கீழ்ச் சந்தியில்

(12 − ம)/6 + (ப − ம)/2 = ம/3

பின்னங்களை நீக்கினால் 9ப − 4ம = 48 என்றும், 3ப − 6ம = −12 என்றும் வருகிறது. தீர்வு ப = 8 வோல்ட், ம = 6 வோல்ட். மேல் கிளையில் 2 ஆம்பியர் வந்து, அதில் 1 ஆம்பியர் நடு மின்தடைக்கும் 1 ஆம்பியர் 8 ஓமுக்கும் பிரிகிறது. கீழே 1 ஆம்பியர் வருகிறது, நடுவிலிருந்து 1 ஆம்பியர் சேர்கிறது, 3 ஓம் வழியே 2 ஆம்பியர் போகிறது. மூலத்திலிருந்து கிளம்பியது 3 ஆம்பியர். திரும்பி வருவதும் 3 ஆம்பியர். தொகுபயன் மின்தடை 12 ஐ 3 ஆல் வகுத்த 4 ஓம். ஐந்து மின்னோட்டங்களுக்கு ஐந்து சமன்பாடுகள் எழுதி முட்டிக்கொள்வதைவிட இது எத்தனை இலகுவானது என்பதை ஒரு முறை இரு வழியிலும் செய்து பார்த்தால் உணர்வீர்கள்.

அறிகுறி: மின்னோட்டம் எதிர்க்குறியுடன் வருகிறது

இது பிழையே அல்ல. ஆனால் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போய்த்தான் நிறையப் பேர் உண்மையான பிழைக்குள் விழுகிறார்கள். மாதிரிச் சுற்றில் ச = −2 என்று வருகிறது. இரண்டாம் அடுக்கிலிருந்து 'அ' நோக்கி மின்னோட்டம் பாய்வதாக நாம் கருதினோம். உண்மையில் 2 ஆம்பியர் அதற்கு எதிர்த்திசையில், அதாவது அந்த அடுக்கின் நேர்முனைக்குள் பாய்கிறது. 12 வோல்ட் அடுக்கு, 6 வோல்ட் அடுக்கை மின்னேற்றம் செய்கிறது என்று பொருள். தொடக்கத்தில் குறித்த திசை வெறும் பெயர்சூட்டல்தான். கணிதம் தன் குறியின் மூலம் உண்மைத் திசையைச் சொல்லிவிடுகிறது.

நடுவழியில் எதிர்க்குறியைக் கண்டவர் என்ன செய்கிறார்? படத்தில் அம்புக்குறியைத் திருப்பிவிட்டு, சந்திச் சமன்பாட்டை மட்டும் க = ச + த என்று மாற்றுகிறார்; சுற்றுச் சமன்பாடுகளைப் பழையபடி விட்டுவிடுகிறார். இனி வரும் விடைகள் க = −12, ச = −18, த = 6. பாருங்கள், 4 ஓம் மின்தடையில் 6 ஆம்பியர் என்றால் அதன் முனைகளில் 24 வோல்ட். சுற்றில் உள்ள பெரிய மூலமே 12 வோல்ட்தான். இரண்டும் நேர்முனையோடு நேர்முனை இணைந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 24 வோல்ட் எங்கிருந்து வரும்? ஆகவே ஒரு முறை குறித்த திசையைக் கணக்கு முடியும்வரை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் எல்லாச் சமன்பாடுகளையும் மறுபடி எழுதுங்கள்.

அறிகுறி: ஒரு சுற்றில் சரிபார்த்தால் பொருந்துகிறது, இன்னொன்றில் பொருந்தவில்லை

இது மின்னழுத்தக் குறிகளில் நேர்ந்த பிழை. மாதிரிச் சுற்றில் மூன்று மூடிய சுற்றுகள் உண்டு. முதல் அடுக்கும் 4 ஓமும் சேர்ந்தது ஒன்று: 12 − க − 4த = 0. இரண்டாம் அடுக்கும் 4 ஓமும் சேர்ந்தது ஒன்று: 6 − ச − 4த = 0. இரு அடுக்குகளையும் மட்டும் கொண்ட வெளிச்சுற்று மூன்றாவது: 12 − க + ச − 6 = 0.

வெளிச்சுற்றில் இரண்டாம் அடுக்கின் அகமின்தடையை நாம் 'ச' பாயும் திசைக்கு எதிராகக் கடக்கிறோம்; ஆகவே அங்கே மின்னழுத்தம் ஏறுகிறது; கூட்டல் குறி. இதைக் கவனிக்காமல் 12 − க − ச − 6 = 0 என்று எழுதிவிட்டால் கிடைப்பவை க = −12, ச = 18, த = 6. சந்தியில் சோதித்தால் −12 + 18 = 6; பொருந்துகிறது. முதல் சுற்றில் சோதித்தால் 12 + 12 − 24 = 0; அதுவும் பொருந்துகிறது. பயன்படுத்திய சமன்பாட்டிலேயே விடையைச் சோதித்தால் அது எப்போதும் பொருந்தத்தான் செய்யும். கூட்டல் கழித்தல் தவறு மட்டுமே அதில் அகப்படும். பயன்படுத்தாத இரண்டாம் சுற்றில் சோதியுங்கள்: 6 − 18 − 24 = −36. சுழி வரவில்லை. விடையைத் தீர்க்கப் பயன்படுத்தாத ஒரு சுற்றை எப்போதும் சோதனைக்கென்று மிச்சம் வையுங்கள்.

குறிகளில் தடுமாறுவோருக்கு நான் சொல்லிவருவது இது. ஒவ்வொரு மின்தடையிலும், நீங்கள் கருதிய மின்னோட்டம் நுழையும் முனையில் + குறியும் வெளியேறும் முனையில் − குறியும் இடுங்கள். மின்கலத்தில் அதன் சொந்த முனைகளின் குறியை அப்படியே விடுங்கள்; மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் மின்கலத்தின் நேர்முனை நேர்முனைதான். பிறகு சுற்றில் நடந்து போங்கள். − இலிருந்து + க்குப் போனால் ஏற்றம். + இலிருந்து − க்குப் போனால் இறக்கம். மின்கலத்துக்கும் மின்தடைக்கும் ஒரே விதி என்பதால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது குறைவு.

பாடநூல் முறையில், மின்னோட்டம் மின்தடை பெருக்கற்பலன்கள் ஒரு பக்கமும் மின்னியக்கு விசைகள் மறு பக்கமுமாக எழுதப்படுகின்றன. அதுவும் சரியான முறையே. ஆனால் ஒரு சமன்பாட்டை அந்த முறையிலும் அடுத்ததை இந்த முறையிலும் எழுதுபவர்களின் தாளில்தான் இந்த அறிகுறியை அதிகம் பார்க்கிறேன். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

அறிகுறி: சமன்பாடுகளைத் தீர்த்தால் 0 = 0 என்று முடிகிறது

எழுதிய சமன்பாடுகளில் ஒன்று புதிய செய்தி எதையும் சொல்லவில்லை. மேலே சொன்ன மூன்று சுற்றுகளில், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவதே வந்துவிடுகிறது. மூன்று தெரியாத மின்னோட்டங்களுக்கு மூன்று சுற்றுச் சமன்பாடுகளையும் எழுதிவிட்டுச் சந்திச் சமன்பாட்டை விட்டுவிட்டால் தீர்வு கிடைக்காது. அதே போல 'அ' சந்திக்கும் 'ஆ' சந்திக்கும் எழுதினால் ஒரே சமன்பாடுதான் இரண்டு முறை வரும். சந்திகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அத்தனை சந்திச் சமன்பாடுகள் எழுதுங்கள். மீதியைச் சுற்றுகளிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு புதிய சுற்றிலும், முந்தைய சுற்றுகளில் வராத ஒரு கிளையாவது இடம்பெறட்டும்.

அறிகுறி: மின்கலத்தின் முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தம் மின்னியக்கு விசையோடு ஒத்துவரவில்லை

ஒத்துவரக் கூடாது என்பதே விடை. 1.5 வோல்ட் மின்கலத்தின் அகமின்தடை 0.5 ஓம்; வெளிச்சுற்றில் 2.5 ஓம். மின்னோட்டம் 0.5 ஆம்பியர், முனைகளில் 1.25 வோல்ட், மீதி 0.25 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே இழக்கப்படுகிறது. இதை அறிந்தவர்கள்கூட, முனை மின்னழுத்தம் மின்னியக்கு விசையைவிடக் கூடுதலாக வந்தால் தவறு என்று அடித்துவிடுகிறார்கள். மாதிரிச் சுற்றில் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையே 8 வோல்ட் இருக்கிறது. 6 வோல்ட் அடுக்கின் முனைகளில் 8 வோல்ட்! மின்னேற்றம் நடக்கும்போது அப்படித்தான் இருக்கும்: 6 வோல்ட்டுடன் அகமின்தடையில் 2 ஆம்பியர் உண்டாக்கும் 2 வோல்ட் சேர்கிறது. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து வெளியேறுகிறதா, நேர்முனைக்குள் நுழைகிறதா என்று பார்த்த பிறகே கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: மின்னோட்டம் சுழி, ஆனால் மின்னழுத்தம் முழுமையாக வருகிறது

தொடரிணைப்பில் ஒரு விளக்கின் இழை அறுந்துவிட்டது. மின்னோட்டம் சுழி என்பதால் எல்லா இடத்திலும் மின்னழுத்த வேறுபாடும் சுழி என்று எழுதுபவர்கள் உண்டு. நல்ல நிலையில் உள்ள விளக்குகளின் முனைகளில் அது சுழிதான். அறுந்த விளக்கின் முனைகளிலோ மூலத்தின் மின்னழுத்தம் முழுவதும் நிற்கும். சுற்றின் மற்றப் பகுதிகளில் எந்த இறக்கமும் இல்லாததால் சுற்று விதி அதையே கோருகிறது. திறந்த சாவியின் இரு முனைகளுக்கும் இது பொருந்தும். வீட்டு இணைப்பில் இதே காரணத்தால்தான், எரியாத விளக்கின் தாங்கியைத் தொடுவது ஆபத்தானது: 230 வோல்ட் அங்கே காத்திருக்கலாம்.

அறிகுறி: எந்த விளக்கு பிரகாசமாக எரியும் என்பதில் விடை தலைகீழாக வருகிறது

230 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் இழை விளக்குகள் இரண்டைத் தொடரில் இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? 100 வாட் என்று எழுதுபவர், விளக்கின் மேல் அச்சிட்ட வாட் எண் எப்போதும் செல்லும் என்று கொண்டுவிட்டார். அந்த எண் 230 வோல்ட் முழுவதும் அதன் முனைகளில் கிடைக்கும்போது மட்டுமே செல்லும். விளக்குக்கு உரியதென்று நாம் கொள்ளக்கூடியது அதன் மின்தடை: 230 இன் வர்க்கத்தை 40 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,322 ஓம், 100 ஆல் வகுத்தால் 529 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம். ஆகவே கூடுதல் மின்தடை உள்ள 40 வாட் விளக்கே பிரகாசமாக எரியும். மின்னோட்டம் பொதுவாக இருந்தால் மின்னோட்ட வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள். மின்னழுத்தம் பொதுவாக இருந்தால் மின்னழுத்த வர்க்கத்தை மின்தடையால் வகுங்கள்.

திறனைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதிரிச் சுற்றில் 12 வோல்ட் அடுக்கு தரும் திறன் 12 × 4 = 48 வாட். செலவாவது: அதன் அகமின்தடையில் 16, இரண்டாம் அடுக்கின் அகமின்தடையில் 4, வெளி மின்தடையில் 16, இரண்டாம் அடுக்கை மின்னேற்றுவதில் 12, ஆக மொத்தம் 48 வாட். வரவும் செலவும் சரியாகிவிட்டால் ஒவ்வொரு கிளையும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். கணக்கின் இறுதியில் எனக்கு மன நிம்மதி தரும் சோதனை இதுவே.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் ஆய்வகத்தில் அளவீடு வேறாக இருக்கிறது

முதலில் மின்தடைகளின் வண்ண வளையத்தைப் பாருங்கள். பொன் நிற வளையம் என்றால் 5 சதவீதம் வரை விலகல் இயல்பு. 1 கிலோ ஓம் என்று எண்ணிய மின்தடை 950 முதல் 1,050 ஓம் வரை இருக்கலாம். வெள்ளி நிறம் என்றால் 10 சதவீதம். இந்த எல்லைக்குள் அடங்கும் வேறுபாடு பிழை அல்ல.

வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால் அளக்கும் கருவியையே சந்தேகியுங்கள். இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடரில் இணைத்து 9 வோல்ட் மின்கலத்தைப் பொருத்தினால், ஒவ்வொன்றின் முனைகளிலும் 4.5 வோல்ட் வர வேண்டும். 100 கிலோ ஓம் மின்தடை கொண்ட ஒரு முள் வோல்ட்மீட்டர் 3 வோல்ட் காட்டும். அதை அடுத்த மின்தடைக்கு மாற்றினாலும் 3 வோல்ட். இரண்டும் சேர்ந்து 6 வோல்ட்தான். மீதி 3 வோல்ட் எங்கே போயிற்று என்று மாணவர் குழம்புகிறார். கருவி தன் 100 கிலோ ஓமைப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த இடத்தின் மின்தடையை 50 கிலோ ஓமாக்கிவிட்டது. 9 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கே அதற்குக் கிடைக்கிறது. 10 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட டிஜிட்டல் மல்டிமீட்டரில் அதே இடத்தில் 4.48 வோல்ட் வரும். கருவியையும் ஒரு மின்தடையாகப் படத்தில் வரைந்து கணக்கிட்டால் முதல் அளவீடும் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துவதைக் காண்பீர்கள். அம்மீட்டரை மட்டும் மறந்தும் பக்க இணைப்பில் வைக்காதீர்கள். அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால் அது குறுக்குச் சுற்றாகி, கருவியின் உருகி (ஃபியூஸ்) எரிந்துபோகும், அல்லது கருவியே கெட்டுப்போகும்.

கடைசியாக, ஓம் விதிக்குக் கட்டுப்படாத பொருள்கள். 230 வோல்ட், 60 வாட் இழை விளக்கின் மின்தடை கணக்கின்படி ஏறத்தாழ 882 ஓம். அணைத்து ஆறவைத்து மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் கீழோ காட்டும். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு. வெண்சூடாக எரியும்போது பன்மடங்கு கூடுகிறது. இரண்டு எண்களும் உண்மையே. அவை வெவ்வேறு வெப்பநிலைக்கு உரியவை.

எல்இடி வேறு வகை. 9 வோல்ட் மின்கலத்தில் 10 மில்லி ஆம்பியர் பாய்ச்ச என்ன மின்தடை வேண்டும் என்பதற்கு, 9 வோல்ட்டை 10 மில்லி ஆம்பியரால் வகுத்து 900 ஓம் என்று போட்டால் விளக்கு எதிர்பார்த்ததைவிட மங்கலாக எரியும். சிவப்பு எல்இடியின் முனைகளில் சுமார் 2 வோல்ட் நிற்கும். அது மின்னோட்டத்தோடு பெரிதாக மாறுவதில்லை. மின்தடைக்கு மிஞ்சுவது 7 வோல்ட். வேண்டியது 700 ஓம். கடையில் கிடைக்கும் நிலையான மதிப்புகளில் 680 ஓம் அதற்கு மிக அருகில் உள்ளது, அதில் 10.3 மில்லி ஆம்பியர் பாயும்.